சர்வர் பராமரிப்புக்கு விலை வைப்பது எப்படி: செட்டிநாட்டுச் சிறு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கணினி விற்பனையும் பழுதுபார்ப்புமாகத் தொழில் தொடங்கிய பலர் இப்போது சர்வர் பராமரிப்புக்கும் வந்திருக்கிறார்கள். கடையில் பில் போடும் மென்பொருள், பள்ளியில் கட்டணம் வசூலிக்கும் தளம், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கியவரின் முன்பதிவுத் தளம் என்று எல்லாமே ஏதோ ஒரு சர்வரில், அதாவது எந்நேரமும் இயங்கிப் பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினியில், ஓடுகின்றன. அந்தச் சர்வர் நின்றுவிட்டால் உரிமையாளர் முதலில் கூப்பிடுவது தனக்குக் கணினி விற்றவரைத்தான். அப்படிக் கூப்பிட்டவுடன் போய் நிற்பதற்கு மாதம் எவ்வளவு கேட்பது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

நானும் தடுமாறியிருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பலகாரக் கடையின் இணைய விற்பனைத் தளத்துக்கு, கணினிகளுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) போடும் பழக்கத்திலேயே, எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டேன். தீபாவளி மாதத்தில் அந்த ஒரு சர்வருக்காக நானும் என்னுடன் வேலை பார்த்தவரும் செலவிட்ட நேரம் 31 மணி. கடைக்காரர் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. எங்களுடைய ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை என்ன என்று தெரியாமலே நான் விலை சொல்லிவிட்டேன். அந்த அடக்கவிலையைக் கண்டுபிடிப்பதும், அதை அடிப்படையாக வைத்து விலைப்புள்ளியைக் கட்டுவதும்தான் இந்த வழிகாட்டியின் பொருள். இதில் வரும் ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: எதை விற்கிறோம் என்பதை எழுதுவது

பராமரிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. இயங்குதளத்துக்கும் அதன் மேல் ஓடும் மென்பொருள்களுக்கும் அவ்வப்போது வரும் திருத்தங்களை (பேட்ச்) போடுவது ஒன்று. பேக்கப், அதாவது தரவுகளின் காப்புப் பிரதி, எடுப்பதும், எடுத்த பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்று சோதிப்பதும் இன்னொன்று. இவற்றுடன் இரவும் பகலும் கண்காணிப்பது, பாதுகாப்பைப் பார்ப்பது, வாடிக்கையாளர் கேட்கும் சிறு மாற்றங்களைச் செய்து கொடுப்பது, சர்வர் விழுந்தால் தூக்கி நிறுத்துவது ஆகியவை சேர்கின்றன. இவற்றில் முதல் நான்கும் ஓரளவு கணித்துச் சொல்லக்கூடிய நேரத்தைக் கேட்பவை; கடைசி இரண்டும் கணிக்க முடியாதவை. விலை நட்டத்தில் முடிவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டினால்தான்.

ஆகவே எது உள்ளடக்கம் என்பதை எழுதும் அதே தாளில் எது உள்ளடக்கம் ஆகாது என்பதையும் எழுத வேண்டும். நம் ஊரில் இதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது. பெருநகரத்து நிறுவனங்களில் மென்பொருளுக்கு ஓர் ஆள், வலையமைப்புக்கு ஓர் ஆள் என்று பிரித்திருப்பார்கள். இங்கே கடை முதலாளிக்குப் பிரிண்டரும், சிசிடிவியும், டேலி கணக்கு மென்பொருளும், சர்வரும் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் வேலை. இணையதளத்தின் நிரலில் உள்ள பிழை, டேலியில் தவறாகப் போட்ட பதிவு, கடைக்குள் இருக்கும் பிரிண்டர் ஆகியவை இந்த ஒப்பந்தத்தில் சேராது என்று தொடக்கத்திலேயே தமிழில் தெளிவாக எழுதிக் கொடுத்தால், பின்னால் முகம் கோணாமல் பேச முடியும்.

இரண்டாம் படி: விலை சொல்வதற்கு முன் கணக்கெடுப்பு

ஒரு சர்வரைத் திறந்து பார்க்காமல் அதற்கு விலை சொல்லக்கூடாது. எத்தனை சர்வர்கள், எவற்றில் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு ஓடுகிறது, பேக்கப் எங்கே போகிறது, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள், டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, சர்வர் முழுவதையும் ஆளும் ரூட் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டொமைன் பல இடங்களில் பழைய வலைத்தள வடிவமைப்பாளர் பெயரில் இருக்கும். அதை மாற்றி வாங்குவதற்கே சில நாள் அலைய நேரிடும். அந்த அலைச்சலும் நேரந்தான்.

பழைய பதிப்புகள் விலையை நேரடியாக மாற்றுகின்றன. லினக்ஸ் வகை இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7 பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதன் பிறகும் அதில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு வழக்கமான வழியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அப்படிப்பட்ட சர்வரைப் பொறுப்பேற்றால், மாதக் கட்டணத்துக்கு வெளியே, புதிய பதிப்புக்கு மாற்றும் வேலைக்குத் தனி விலை வைக்க வேண்டும். மாற்ற மறுப்பவரின் சர்வருக்கு, ஊடுருவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதி வாங்காமல் கையொப்பமிடாதீர்கள்.

இந்தக் கணக்கெடுப்பை இலவசமாகச் செய்வதா என்று பலரும் கேட்பதுண்டு. ஒரு மணி நேரப் பார்வை இலவசம், அதற்கு மேல் கட்டணம், ஒப்பந்தம் உறுதியானால் அந்தக் கட்டணத்தைத் தொடக்கக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது என்பது என் வழக்கம். பணம் கொடுத்துக் கணக்கெடுப்பு செய்ய விரும்பாதவர், பெரும்பாலும் பராமரிப்புக்கும் தயங்கித்தான் கொடுக்கிறார்.

மூன்றாம் படி: ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நான்கு பேர் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த பொறியாளருக்கு 55,000 ரூபாய், இளைய பொறியாளர் இருவருக்குத் தலா 28,000 ரூபாய், உரிமையாளர் தனக்கென எடுத்துக்கொள்ளும் சம்பளம் 70,000 ரூபாய் என்றால் மொத்தம் 1,81,000 ரூபாய். உரிமையாளர் தன் சம்பளத்தைச் செலவில் எழுதாமல், மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் அடக்கவிலை பொய்யாகிவிடும். தீபாவளிக்கு ஊழியர் மூவருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால், 1,11,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,250 ரூபாய் ஒதுக்க வேண்டும். வாடகை 12,000, இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைய இணைப்புகள் 4,000, மின்சாரம் 5,000, யுபிஎஸ் பேட்டரிக்கு ஒதுக்கீடு 2,500, மடிக்கணினிகளை மாற்றுவதற்கு ஒதுக்கீடு 6,000, கண்காணிப்புக்கும் வாடிக்கையாளர் கோரிக்கைகளின் (டிக்கெட்) பதிவுக்குமான மென்பொருள்கள் 9,000, ஆடிட்டருக்கு 4,000, போக்குவரத்து 5,000, தொலைபேசியும் காப்பீடும் 2,250. ஆக மாதச் செலவு 2,40,000 ரூபாய்.

இனி நேரம். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் ஒருவருக்கு 200 மணி. அந்த 200 மணியையும் விற்க முடியாது. விடுப்பு, பண்டிகை, புதியவற்றைக் கற்பது, உள்வேலை, ஊரில் தவிர்க்க முடியாத கல்யாணம் காட்சிகள் எல்லாம் போக, ஒரு பொறியாளரிடமிருந்து வாடிக்கையாளர் வேலைக்குக் கிடைப்பது 120 மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு 360. வாடிக்கையாளர்களைப் பார்ப்பது, நிலுவை வசூலிப்பது என்று நாளைக் கழிக்கும் உரிமையாளரிடமிருந்து 40. மொத்தம் 400 மணி. 2,40,000-ஐ 400-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை 600 ரூபாய்.

28,000 ரூபாய்ச் சம்பளத்தை 200 மணியால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு 140 ரூபாய்தானே ஆகிறது என்று மனக்கணக்குப் போடுபவர், 250 ரூபாய் வாங்கினாலே லாபம் என்று நம்பி ஒவ்வொரு மணிக்கும் 350 ரூபாய் நட்டப்படுகிறார். நான் 4,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட பலகாரக் கடையின் தீபாவளி மாதத்தை இந்த எண்ணால் பெருக்கினால் 18,600 ரூபாய் வருகிறது. வரவையும் செலவையும் காலணா விடாமல் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து வியாபாரம் பார்த்த ஊர் இது. அந்த ஒழுங்கை நம் தொழிலில் நேரத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது.

நான்காம் படி: ஒவ்வொரு சர்வரும் எத்தனை மணி நேரம் கேட்கும்

அடக்கவிலை தெரிந்த பிறகு, நேரத்தை மதிப்பிட வேண்டும். இதற்கு நேரப் பதிவேட்டை விட நல்ல கருவி கிடையாது. எந்த வாடிக்கையாளர், எந்தச் சர்வர், என்ன வேலை, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொருவரும் அன்றன்றே பதிய வேண்டும். மூன்று மாதப் பதிவுகள் சேர்ந்துவிட்டால், உங்கள் ஊகத்தைவிட அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கண்டு வியப்பீர்கள்.

பதிவேடு இல்லாத தொடக்க நாட்களில் கீழ்க்கண்டவாறு எண்ணலாம். பேட்ச் போட்டுச் சரிபார்க்க மாதம் ஒரு மணி. பேக்கப்பைப் பார்ப்பதற்கும், காலாண்டுக்கு ஒரு முறை மீட்டுச் சோதிப்பதைச் சராசரியாக்கியும் ஒரு மணி. எச்சரிக்கைகளைத் திறந்து பார்த்து முடிக்க ஒரு மணி. சிறு கோரிக்கைகளுக்கு ஒரு மணி. சாதாரண வலைத்தள சர்வருக்கு இவ்வாறு நான்கு மணி. தரவுத்தள சர்வருக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதில் பேக்கப் சோதனை நீளும், வட்டு நிரம்புவதையும் மெதுவாகும் வினவல்களையும் கவனித்தாக வேண்டும். இவற்றுக்கு மேல், சர்வர் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், ஒரு வாடிக்கையாளர் என்பதற்காகவே மாதம் இரண்டு மணி போகும்: அறிக்கை எழுதுவது, தொலைபேசியில் பேசுவது, நேரில் போய் உட்கார்ந்து விளக்குவது. இந்த இரண்டு மணியை எண்ணாமல் விடுவதால்தான் ஒற்றைச் சர்வர் வைத்திருக்கும் சிறு வாடிக்கையாளர்கள் நட்டத்தில் முடிகிறார்கள்.

கடைக்குள்ளேயே சர்வர் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அங்கே மின்தடை, சூடு, தூசி, பேட்டரி எல்லாம் சேர்ந்துகொள்ளும். நேரில் போகவும் வேண்டும். ஒரு முறை போய் வந்தால் அரை நாள் போய்விடுகிறது என்பதால், மாதத்துக்கு இத்தனை நேரடி வருகை என்று எண்ணிக்கையைக் குறித்து, அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தனிக் கட்டணம் போடுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். நகைக்கடைக்கு அட்சய திருதியை, பள்ளிக்கு ஜூன் மாதம், பலகாரக் கடைக்குத் தீபாவளி, விடுதிக்குக் குளிர்காலம் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சம் உண்டு. அந்த நாட்களில் ஒரு பொறியாளர் விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினால், அதை மாதக் கட்டணத்துக்குள் புதைக்காமல் பருவக் கண்காணிப்பு என்று தனி வரியாகக் காட்டுவது நியாயமானது. கேட்பவரும் அதை எளிதில் ஏற்றுக்கொள்கிறார். வருமானம் வரும் நாளில் அதற்கான செலவும் வருவது வியாபாரம் அறிந்தவருக்கு இயல்பாகவே புரியும்.

ஐந்தாம் படி: இரவுக்கும் உறுதிமொழிக்கும் விலை

24 மணி நேரமும் பார்த்துக்கொள்கிறோம் என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. ஒரு வாரத்தில் 168 மணி இருக்கின்றன. ஒருவர் வாரத்துக்கு 48 மணி வேலை செய்தால், ஓர் இருக்கையை வாரம் முழுவதும் நிரப்பவே மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் நோயையும் கணக்கில் எடுத்தால் ஐந்து பேர். நான்கு பேர் கொண்ட நிறுவனம் அதைச் செய்ய முடியாது. செய்யக்கூடியது, முறைவைத்து ஒருவர் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது. அதற்கு ஆன்-கால் என்று பெயர். அப்படித் தூங்குபவருக்கு, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், இரவுக்கு 300 ரூபாய் படி கொடுத்தால் மாதம் 9,000 ரூபாய். இரவுச் சேவை வாங்கியவர்கள் ஆறு பேர் என்றால் தலைக்கு 1,500 ரூபாய். படி கொடுக்காமல் இளைஞர்களின் தூக்கத்தை விற்கும் நிறுவனங்களில் நல்ல பொறியாளர் தங்குவதில்லை. தங்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

உறுதிமொழியில் இரண்டு நேரங்களைப் பிரித்து எழுத வேண்டும். அழைப்பை எடுத்து வேலையைத் தொடங்கும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. சரிசெய்து முடிக்கும் நேரம் முழுவதும் உங்கள் கையில் இல்லை. முதலாவதற்கு உறுதி கொடுங்கள். இரண்டாவதற்கு முயற்சியை மட்டும் சொல்லுங்கள்.

சர்வர் இயங்கும் விகிதத்தைச் சதவீதத்தில் கேட்பவருக்கு நிமிடத்தில் பதில் சொல்லுங்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். 99.9 சதவீதம் என்றால் மாதம் 43 நிமிடம் நிற்கலாம், 99.99 சதவீதம் என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். தூக்கத்திலிருந்து எழுந்து மடிக்கணினியைத் திறந்து உள்ளே போவதற்குள் நான்கு நிமிடம் கடந்துவிடும். ஆகவே 99.99 என்பதை எந்த மனிதனாலும் கொடுக்க முடியாது. ஒன்று விழுந்தால் இன்னொன்று தானாக ஏற்கும்படி இரட்டை இயந்திரங்களும் இரட்டைத் தரவுத்தளமும் அமைத்தால்தான் அது கிடைக்கும், அப்போது கிளவுட் செலவு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின் செலவு, ஏறக்குறைய இரு மடங்காகும். ஒற்றை இயந்திரத்துக்கு, கிளவுட் வாடகைக்கு விடும் அமேசான் நிறுவனமே கொடுக்கும் உறுதி 99.5 சதவீதம், அதாவது மாதத்துக்கு 3.6 மணி. அவர்கள் கொடுக்காத உறுதியை அவர்களின் இயந்திரத்தை வைத்துக்கொண்டு நாம் கொடுப்பது அறமாகாது. வலைத்தள சர்வர் 99.9, தரவுத்தள சர்வர் 99.9 என்று ஒன்றை ஒன்று சார்ந்து இரண்டு இருந்தால், இரண்டையும் பெருக்கி 99.8 என்றே எடுக்க வேண்டும். மாதம் 86 நிமிடம்.

உறுதி தவறினால் திருப்பிக் கொடுப்பது மாதக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது என்று வரம்பு வையுங்கள். கடையின் விற்பனை இழப்பை ஈடுகட்டுவதாக ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: விலையின் வடிவம்

சர்வருக்கு இவ்வளவு என்பது எல்லோருக்கும் புரியும் வடிவம். ஆனால் அதை மட்டும் வைத்தால், கட்டணத்தைக் குறைக்க வாடிக்கையாளர் ஐந்து தளங்களை ஒரே சர்வரில் திணிப்பார். வேலை கூடும், வரவு குறையும். முன்பணம் கட்டி மணிகளை வாங்கி வைக்கும் முறை, சொந்தமாக ஒரு கணினி ஆள் வைத்திருக்கும் பள்ளி, கல்லூரிகளுக்குப் பொருந்துகிறது.

கிளவுட் பில்லில் இத்தனை சதவீதம் என்ற முறை பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடிக்கையாளரின் பில் 40,000 ரூபாய், உங்கள் பங்கு 20 சதவீதம் என்றால் 8,000 ரூபாய் வருகிறது. உங்கள் பொறியாளர் சும்மா ஓடும் இயந்திரங்களைக் கண்டுபிடித்து பில்லை 22,000-க்குக் கொண்டுவந்தால் உங்கள் வரவு 4,400 ஆகிவிடும். அவர் செய்த மிகச் சிறந்த வேலைக்கு நீங்கள் தண்டம் கட்டுகிறீர்கள். அதனால் நாளடைவில் யாரும் அந்த வேலையைத் தேடிச் செய்யமாட்டார்கள். வாடிக்கையாளருக்கு நல்லது செய்யும்போது நம் வருமானம் குறையும்படி ஒப்பந்தம் அமைவது இருவருக்குமே கேடு.

வாடிக்கையாளருக்கு ஓர் அடிப்படைக் கட்டணம், ஒவ்வொரு சர்வருக்கும் அதன் தன்மைக்கேற்ற கூடுதல், இரவுச் சேவைக்குத் தனி வரி, உள்ளடக்கத்துக்கு வெளியே உள்ள வேலைக்கு மணிக் கட்டணம் என்ற கலப்பு வடிவத்தில்தான் எங்கள் நிறுவனம் வந்து நின்றது. நான்காம் படியில் எண்ணிய நேரங்களோடு இது நேராகப் பொருந்துகிறது.

ஏழாம் படி: பிறர் பில்லைத் தனியே வைப்பது

கிளவுட் வாடகை, மென்பொருள் உரிமங்கள், டொமைன் ஆகியவற்றை உங்கள் கட்டணத்தோடு கலக்காதீர்கள். அவற்றின் விலையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) மணிக்கு அரை சென்ட் வாங்கத் தொடங்கியது. முகவரிக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை டாலர். 2019-இல், வலைத்தள சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் தன் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றியது. 2023 நவம்பரில், ஒரே இயந்திரத்தில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருளைத் தரும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, ஒரே தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நின்று சந்தா முறை வந்தது. எல்லாம் சேர்த்து ஒரே விலை சொன்னவர்கள் இந்த ஏற்றங்களைத் தங்கள் கையிலிருந்து கட்டினார்கள்.

சிறந்த வழி, கிளவுட் கணக்கு வாடிக்கையாளர் பெயரிலேயே அவருடைய அட்டையிலேயே இருப்பதுதான். உங்கள் கணக்கில் ஓடி நீங்கள் முதலில் கட்டுவதாக இருந்தால், பணம் முடங்குவதற்கும் டாலர் ஏற்ற இறக்கத்துக்கும் 10 சதவீதக் கையாளும் கட்டணம் வையுங்கள். இதை மறைக்காமல் வரியாகவே காட்டுங்கள்.

எட்டாம் படி: ஒரு முழு விலைப்புள்ளி

ஒரு பாரம்பரிய விடுதியை வைத்துக் கணக்குப் போடுவோம். முன்பதிவுத் தளத்துக்கு ஒரு சர்வர், தரவுத்தளத்துக்கு ஒன்று, டேலி ஓடும் விண்டோஸ் சர்வர் ஒன்று. நேரம் முறையே 4, 5, 3 மணி. வாடிக்கையாளருக்கான பொது நேரம் 2 மணி. எதிர்பாராத பழுதுக்கு ஒதுக்கீடு 3 மணி. மொத்தம் 17 மணி. 600-ஆல் பெருக்கினால் 10,200 ரூபாய். இரவுச் சேவைப் பங்கு 1,500. சர்வர் எண்ணிக்கைக்கேற்ப கூடும் பாதுகாப்பு மென்பொருள் உரிமம் 300 வீதம் 900. அடக்கவிலை 12,600 ரூபாய்.

இதில் 30 சதவீத மார்ஜின், அதாவது விலையில் 30 சதவீதம் லாபம், வேண்டும் என்றால் 12,600-உடன் 30 சதவீதத்தைக் கூட்டக் கூடாது. கூட்டினால் 16,380 வரும், அதில் லாபம் 3,780, அதாவது விலையில் 23 சதவீதம் மட்டுமே. 12,600-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். விலை 18,000, லாபம் 5,400. இந்த ஒரு கணக்கில் பிழை செய்துவிட்டு, ஆண்டு முடிவில் பணம் எங்கே போனது என்று தேடும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். வராத கடன், வேலையில்லாத மாதம், புதிய பொறியாளருக்குப் பயிற்சி எல்லாவற்றையும் தாங்க வேண்டியது இந்த 30 சதவீதந்தான்.

உள்ளடக்கத்துக்கு வெளியே உள்ள வேலைக்கு, 600-ஐ 0.7-ஆல் வகுத்து வரும் 857-ஐ முழுமையாக்கி மணிக்கு 900 ரூபாய். இரவில் இரு மடங்கு. பொறுப்பேற்கும்போது கடவுச்சொற்களை மாற்றுவது, கண்காணிப்பைப் பொருத்துவது, பேக்கப்பைப் புதிதாக அமைப்பது, எல்லாவற்றையும் ஆவணமாக எழுதுவது என்று 25 மணி ஆகும் என்றால், மணிக்கு 857 வீதம் கணக்கிட்டு முழுமையாக்கினால் தொடக்கக் கட்டணம் 21,500 ரூபாய்.

விடுதி உரிமையாளர், “தம்பி, 15,000-க்கு முடித்துக்கொடுங்கள்” என்று கேட்கலாம். விலையை அப்படியே குறைக்காதீர்கள். வேலையைக் குறைத்துக் காட்டுங்கள். இரவுச் சேவையை எடுத்துவிட்டு, டேலி சர்வரின் நேரத்தை இரண்டு மணியாக்கினால் அடக்கவிலை 10,500, விலை சரியாக 15,000. இரவு பதினோரு மணிக்கு வெளிநாட்டுப் பயணி முன்பதிவு செய்ய முடியாமல் போனால் காலையில்தான் பார்ப்போம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பலர் யோசித்துவிட்டு இரவுச் சேவையை மறுபடி சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்பதாம் படி: வரியும் சட்டமும்

இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 18,000 ரூபாய்க்கு 3,240 சேர்த்து 21,240 ரூபாய்க்கு பில் போட வேண்டும். விலைப்புள்ளியில் வரி தனி என்று எழுதாமல் விட்டால் அந்த 3,240 உங்கள் லாபத்திலிருந்து போகும். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர், வாடிக்கையாளர் பணம் தந்தாரோ இல்லையோ, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். ஆகவே மாதத் தொடக்கத்திலேயே முன்பணமாக வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்ட சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை போக முடியாது என்பது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு.

வாடிக்கையாளர் பிடிக்கும் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) 2 சதவீதமா 10 சதவீதமா என்பது, உங்கள் வேலையைத் தொழில்நுட்பச் சேவையாகக் கொள்கிறாரா, தொழில்முறைச் சேவையாகக் கொள்கிறாரா என்பதைப் பொறுத்தது. திரும்பக் கிடைக்கும் பணந்தான் என்றாலும், 10 சதவீதம் பல மாதம் முடங்கினால் சம்பளம் கொடுப்பதற்கே சிரமமாகும். இரு தரப்பு ஆடிட்டர்களும் ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யட்டும்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன குடும்பங்களின் தொடர்பால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்களுக்கு வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள். ஏற்றுமதிக்கான உறுதிக் கடிதம் தாக்கல் செய்துவிட்டால், ஏற்றுமதி நிபந்தனைகள் பொருந்தும் அந்தச் சேவைக்கு வரி கட்டாமலே பில் போடலாம். அவர்களின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை ஒன்பது என்றால் காரைக்குடியில் ஆறரை. அந்த அதிகாலைப் பணிக்குத் தனிப் படி கொடுக்க வேண்டும், அது விலையிலும் ஏற வேண்டும்.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் சேமித்து வைக்க வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நாளுக்கு ஒரு ஜிபி பதிவு எழுதும் வாடிக்கையாளருக்கு 180 ஜிபி இடம் தேவை. அதன் வாடகையை விலைப்புள்ளியில் சேர்க்க மறக்காதீர்கள். அறிவிக்கும் கடமை யாருடையது, அதற்கான நேரத்துக்குக் கட்டணம் உண்டா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பத்தாம் படி: ஒப்பந்தமும் மறுபரிசீலனையும்

கடல் கடந்து கடை நடத்தியபோது, செட்டியார்கள் தங்கள் முகவர்களை மூன்றாண்டுத் தவணையில் அனுப்பினார்கள். சம்பளமும் பொறுப்பும் போகும் முன்பே பேசி எழுதப்பட்டன. நமக்கு மூன்றாண்டு நீளம், ஓராண்டு போதும். ஆனால் முன்பே எழுதிக்கொள்ளும் வழக்கம் அப்படியே வேண்டும். பிரியும்போது என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும்: எல்லாக் கடவுச்சொற்களும் ஆவணங்களும் 15 நாளுக்குள் ஒப்படைக்கப்படும், புதியவருக்கு விளக்கிச் சொல்லும் நேரத்துக்கு மணிக் கட்டணம் உண்டு. நிலுவைக்காகக் கடவுச்சொல்லைப் பிடித்து வைக்காதீர்கள். ஒரே தெருவில் நாளையும் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் உட்காருங்கள். முன் சொன்ன விடுதிக்கு 17 மணி என்று வைத்தது சராசரி 22 ஆகியிருந்தால், எங்கே கூடியது என்று பாருங்கள். கூடிய ஐந்து மணியும் விளம்பர நிறுவனம் வாரந்தோறும் கேட்கும் தள மாற்றங்களால் வந்தது என்றால், மாதக் கட்டணத்தை ஏற்றத் தேவையில்லை. அந்த வேலையை உள்ளடக்கத்திலிருந்து எடுத்து, மணிக்கு 900 ரூபாய் என்ற வரிக்கு மாற்றினால் போதும். தரவுத்தளம் வளர்ந்ததால் கூடியது என்றால், 22 மணிக்குரிய 13,200-உடன் 1,500, 900 சேர்த்து 15,600 ரூபாய் அடக்கவிலை, 0.7-ஆல் வகுத்தால் 22,300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நேரம் 17-இலிருந்து 13-ஆகக் குறைந்திருந்தாலும் அதே பதிவேட்டைக் காட்டி, 14,600 ரூபாய் என்று நீங்களே குறைத்துச் சொல்லுங்கள்.